துள்ளியது வண்டி, திட்டு வாங்கியது டிரைவர்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு லைக் மட்டும் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். 34 வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான்.

விஷயம் இதுதான். என் தம்பி மகன் பீர்க்கன்கரணையில் தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறான் என்பது உறவினர்களுக்குத் தெரியும். அவனிடம் ஒரு தோஸ்த் டீசல் வண்டி இருக்கிறது. அதை ஓட்டுபவன் என் மாணவன். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தான். பெயர் வேண்டாம். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், வண்டலூர் பக்கம் கேன் இறக்கிவிட்டுக் காலி கேன்களோடு திரும்பிக்கொண்டிருந்தான். பெருங்களத்தூர் தாண்டி, ரோடு சுரண்டிப் போட்டிருந்த இடத்தில், முன்னால் ஒரு ஸ்கூட்டி குறுக்கே வந்தது. ஒரு அம்மா, பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை. இவன் பிரேக் அடித்தான். வண்டியின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை துள்ளி, அப்படியே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்டியரிங்கை ஒடித்துத் தடுப்புச்சுவரில் மோதி நிறுத்தினான். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. இவனுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து 6 வாரம் கட்டு.

அதற்குப் பிறகு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. “பிரேக் சரியாகத்தான் இருக்கிறது. வண்டியில் லோடும் இல்லை. காலி வண்டி கவிழப் பார்க்கிறது என்றால் டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டியிருக்கிறான். ரிப்பேர் செலவை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்.” இதற்கு 11 பேர் கைதட்டும் படம் போட்டிருந்தீர்கள். நான் ஏதோ சொல்ல வந்ததற்கு, “டீச்சரம்மாவுக்கு ஷாக் அப்சர்பரைப் பற்றி என்ன தெரியும்” என்று ஒருவர் கேட்டார். அவர் என்னைவிடப் பெரியவர், அதனால் குழுவில் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்தது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அறிவியல்தான். இந்த வழக்குக்கு அதுவே போதும்.

முதலில் வண்டியைப் பார்த்தேன். மெக்கானிக் ஷெட்டுக்கு நானே ஆட்டோ பிடித்துப் போனேன். அந்த ஷெட் வைத்திருப்பவரும் நம் பள்ளிப் பிள்ளைதான். பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிக் காட்டச் சொன்னேன். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினால் மேடும் குழியுமாக இருந்தது. ஓரிடத்தில் நிறையத் தேய்ந்து, பக்கத்தில் தேயாமல், மறுபடி தேய்ந்து. சுற்றிலும் அப்படியே. ஒரே சீராகத் தரையில் உருண்ட டயர் சீராகத் தேயும். தத்தித் தத்திப் போன டயர்தான் இப்படித் தேயும். இந்தக் குழிகள் ஒரு சாயங்காலத்தில் விழுபவை அல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி விழுபவை. அப்படியானால் அந்த வண்டி மாதக்கணக்கில் துள்ளிக்கொண்டேதான் ஓடியிருக்கிறது. விபத்து நடந்த அன்று மட்டும் துள்ளவில்லை.

பிறகு பின்பக்க ஷாக் அப்சர்பர்கள் இரண்டையும் கழற்றினார்கள். “புதுசு” என்று சொல்லி வாங்கி 10 மாதம் ஆனவை. ஒன்றைக் கையால் அழுத்தினால் பாதித் தூரத்துக்கு ஒன்றுமே தடுக்கவில்லை. சைக்கிள் பம்பு போல உள்ளே போனது. இன்னொன்று இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினாலும் முரண்டு பிடித்தது. கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால் குழாயின் பக்கத்தில் ஒரு வெல்டிங் பொட்டு. பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, ஏதோ ஓர் ஆயிலை ஊற்றி, ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்து, பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே ஆயில் ஊற்றினார்களா என்பதுகூடச் சந்தேகம்.

எந்தக் கடை என்று எழுத மாட்டேன். ஒரு கடையின் கதை இல்லை இது. கேட்பவன் இருப்பதால் விற்பவன் இருக்கிறான். கேட்டவர்கள் யார் தெரியுமா? என் மருமகனும், பக்கத்தில் நின்றிருந்த நானும்.

ஆமாம், அன்றைக்கு நானும் அந்தக் கடையில் இருந்தேன். அந்த வண்டிக்கு முன்பணம் கட்டியது என் பணிக்கொடைப் பணத்திலிருந்து. அதனால் செலவு என்றால் எனக்கும் ஒரு அக்கறை. கடைக்காரர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று பெட்டியோடு, பில்லோடு. இன்னொன்று பெட்டி இல்லாமல், பில் இல்லாமல், ஜோடிக்கு 1,400 ரூபாய் குறைவாக. “ரெண்டும் ஒண்ணுதான்மா, இதுக்குப் பெட்டி மட்டும் இல்ல” என்றார். “பெட்டியையா மாட்டப்போறோம், இதையே எடுடா” என்று சொன்ன வாய் இந்த வாய்தான். அதிலும் 100 ரூபாய் குறைத்துப் பேசினேன். அதைப் பெருமையாகத் தம்பி மனைவியிடம் போனில் வேறு சொன்னேன். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. அதனால் இந்தப் பதிவில் யாரைத் திட்டினாலும் முதல் அடி எனக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

வாதம் ஒன்று: “ஷாக் அப்சர்பர் சொகுசுக்குத்தானே? தண்ணீர் கேனுக்கு என்ன இடுப்பு வலியா வரும்?”

இந்த நினைப்புதான் எல்லாக் கோளாறுக்கும் வேர். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. ஷாக் அப்சர்பர் பாரத்தைத் தாங்குவதே இல்லை. ஸ்பிரிங்கை அமுக்கினால் அமுங்கும், விட்டால் எகிறும். எகிறிய பிறகு சும்மா நிற்காது, ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்துகிறோமே, அந்தக் கைதான் ஷாக் அப்சர்பர். உள்ளே ஒரு பிஸ்டன், அதைச் சுற்றி ஆயில், பிஸ்டனில் சின்னச் சின்ன துளைகளும் வால்வுகளும். சக்கரம் ஆடும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகவேண்டும். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெதுவாகத் தள்ளினால் சுலபமாகப் போகும், வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். அதே கதை. ஆட்டத்தின் சக்தியெல்லாம் ஆயிலில் சூடாக மாறிப்போகும். நன்றாக வேலை செய்யும் ஷாக் ஓடி வந்தபின் தொட்டால் சூடாக இருப்பது அதனால்தான்.

சரி, ஆட்டம் நிற்காவிட்டால் என்ன? கரும்பலகையை அழிக்கிறீர்கள். டஸ்டரை அழுத்திப் பிடித்தால் அழியும். பலகையை விட்டு எடுத்துவிட்டால் அழியுமா? டயரும் அப்படித்தான். தரையை அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் பிரேக் பிடிக்கும், ஸ்டியரிங் கேட்கும். துள்ளி மேலே எழும்பிய நொடியில் டயருக்குப் பிடிமானமே கிடையாது. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். வண்டியை நிறுத்த வேண்டியது டயரும் தரையும் சேர்ந்து. ஆகவே ஷாக் அப்சர்பரை சீட் குஷனோடு சேர்க்காதீர்கள். பிரேக்கோடு சேருங்கள்.

வாதம் இரண்டு: “வண்டி காலி. லோடே இல்லை. அப்புறம் ஏன் இழுத்துக்கொண்டு போகும்?”

என் உறவினர்களே, நீங்கள் டிரைவருக்கு எதிராக வைத்த பெரிய சாட்சியம் இதுதான். அதுவே அவனுக்குச் சாதகமான சாட்சியம். லோடு வண்டியின் பின் பட்டை முழு பாரத்துக்கு என்று செய்தது. ஒன்றேகால் டன்னை ஏற்றினால் அது அமுங்கி இணக்கமாக இருக்கும். காலியாக இருக்கும்போது மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கும். சின்ன மேட்டில் ஏறினாலும் சக்கரத்தைத் தூக்கி அடிக்கும். மேலே அழுத்துவதற்கும் பாரம் இல்லை. பிரேக் அடித்தால் இருக்கிற கொஞ்ச பாரமும் முன்பக்கம் சாய்ந்துவிடும். பின் டயர் தரையை ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்த நேரத்தில் இருக்கிற ஒரே துணை ஷாக் அப்சர்பர். அதில் ஒன்று வெறும் பம்பு, இன்னொன்று வெறும் கம்பி. இடது வலது இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொண்டால் வண்டி நேராகவா நிற்கும்? ஈரத் தரை வேறு.

அவன் இன்னும் மெதுவாக வந்திருக்கலாமா? வந்திருக்கலாம். மழையில் எல்லோரும் இன்னும் மெதுவாக வரவேண்டும். அதை நான் அவனிடமும் சொன்னேன். ஆனால் அவன் தீபாவளிக்கு முன்பே முதலாளியிடம் சொல்லியிருக்கிறான்: “அண்ணே, காலியா வரும்போது பின்னாடி துள்ளுது, பாருங்கண்ணே.” கிடைத்த பதில்: “காலி வண்டின்னா துள்ளத்தான்டா செய்யும்.” ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இங்கே மேடை நிஜமாகவே கோணல். ஆடியவன் முன்பே சொல்லியும் இருக்கிறான். அப்புறமும் அவன் காலையே குற்றம் சொல்கிறோம்.

வாதம் மூன்று: “பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறோமே, வண்டி நல்ல ஸ்ட்ராங்.”

இதுதான் என்னை உண்மையில் கோபப்படுத்தியது. கணக்குப் போடுவோம். 20 லிட்டர் கேனில் தண்ணீர் மட்டும் 20 கிலோ. கேனின் எடை முக்கால் கிலோ. ஆக 20.75 கிலோ. 60 கேன் ஏற்றினால் 1,245 கிலோ. ஒன்றேகால் டன்னுக்கு 5 கிலோதான் மிச்சம். 60 கேன்தான் இந்த வண்டிக்கு அளவு. என் மருமகன் ஏற்றுவது 85. அதாவது 1,764 கிலோ. அரை டன்னுக்கு மேல் கூடுதல். வண்டி பின்னால் உட்கார்ந்துவிடுகிறது என்று ஒரு பட்டை சேர்த்தான்.

பட்டை சேர்த்தால் லோடு ஏறும்போது வண்டி உட்காராது, உண்மைதான். ஆனால் காலியாகத் திரும்பும்போது அது இன்னும் விறைப்பு. விறைப்பான ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க இன்னும் நல்ல ஷாக் வேண்டும். நாம் போட்டது ஓட்டை போட்டு அடைத்த ஷாக். அது மட்டுமல்ல. பட்டை கூடினால் பின்பக்கம் உயர்ந்து நிற்கும், ஷாக் எப்போதும் பாதி இழுத்த நிலையிலேயே இருக்கும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அது முழு நீளத்துக்கும் இழுபட்டு உள்ளேயே அடிவாங்கும். இன்னொன்று: பல லோடு வண்டிகளில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போகவேண்டும் என்பதை, வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்கும் ஒரு வால்வு இருக்கிறது. வண்டி உயரமாக நின்றால் “லோடு குறைவு” என்று அது நினைத்துக்கொள்ளும். முழு லோடு இருக்கும்போதும் பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். ஒரு பட்டையைச் சேர்த்து வண்டியையே ஏமாற்றியிருக்கிறோம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. கூடுதல் 25 கேன் விற்று அந்தப் பணத்தைச் சம்பாதிக்க எத்தனை நாள் ஆகும் என்று வியாபாரம் தெரிந்தவர்கள் கணக்குப் போடுங்கள்.

வாதம் நான்கு: “அந்தக் காலத்து லாரியெல்லாம் ஷாக்கா வைத்து ஓடியது?”

இது பெரியவர் ஒருவரின் வாதம். மரியாதையோடு பதில் சொல்கிறேன். அந்தக் கால வண்டிகளில் ஏழு, எட்டு, பத்துப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அவை ஒன்றோடொன்று உராயும். அந்த உராய்வே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். வேகமும் குறைவு. ஓசூரில் செய்து 2011-ல் ஓட ஆரம்பித்த நம் தோஸ்த் வண்டியின் முன்பக்கம் பாரபோலிக் பட்டை. எண்ணிக்கை குறைவு, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து வரும், பட்டைகளுக்கு இடையில் இடைவெளி இருக்கும். எடை குறைவு, இணக்கம் அதிகம். உராய்வு மிகக் குறைவு. அதனால் ஆட்டத்தை அடக்கும் வேலை ஷாக் அப்சர்பர் தலையில்தான் விழுகிறது. வண்டி மாறியிருக்கிறது. நாம் தாத்தா காலத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு இந்தக் காலத்து வண்டியைப் பராமரிக்கிறோம்.

வாதம் ஐந்து: “ரோடு மோசம். என்ன ஷாக் போட்டாலும் போய்விடும்.”

ரோடு மோசம்தான். அதற்கும் நான் மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். வேகத்தடை எப்படி இருக்கவேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயம் அளவு வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். சரிவாக ஏறிச் சரிவாக இறங்கவேண்டும். நம் உள்தெருக்களில் இருப்பவை ஆளாளுக்கு ஒரு சட்டி சிமென்ட் கொட்டிய வரப்புகள். எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரோடு மோசம் என்பதற்காக மோசமான ஷாக் வாங்குவது என்ன நியாயம்? மழை பலமாகப் பெய்கிறது என்பதற்காகக் கிழிந்த குடை வாங்குவோமா?

வாதம் ஆறு: “தண்ணீர் கேனில் என்ன லாபம் இருக்கிறது அத்தை? தவணை கட்டவே சரியாகப் போகிறது.”

இந்த ஒரு வாதத்துக்குத்தான் நான் கொஞ்சம் இறங்கி வருவேன். அவன் கஷ்டம் எனக்குத் தெரியும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து போகிற பிள்ளை. ஆனாலும் கணக்கு கணக்குதான். நல்ல ஷாக்குக்கும் அந்த ஷாக்குக்கும் வித்தியாசம் 1,400 ரூபாய். 2 வருடம், வருடத்துக்கு 300 நாள் ஓடுகிறது என்று வைத்தால் 600 நாள். ஒரு நாளைக்கு 2 ரூபாய் 33 காசு. ஒழுங்கான லோடில் ஒரு நாளைக்கு இரண்டு நடை, 120 கேன். ஒரு கேனுக்கு 2 காசுகூட முழுதாக வரவில்லை. 2 காசு நாணயம் பார்த்ததே இல்லை என்று என் பேத்தி சொல்கிறாள். அந்தக் காசுக்காக ஒருவனின் மணிக்கட்டு போனது. ஸ்கூட்டியில் இருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

வரி அதிகம் என்பதால் பில் இல்லாமல் வாங்கினோம் என்றும் சொல்ல முடியாது. வண்டிப் பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது. இனி அந்தச் சாக்கும் இல்லை.

சரி டீச்சர், திட்டியது போதும், எதை வாங்குவது என்று சொல்லுங்கள் என்பீர்கள். சொல்கிறேன். இதில் பாதி, ஷெட்டில் என் மாணவன் எனக்கு எடுத்த பாடம்.

1. வண்டியின் மாடல், வருடம், சேஸிஸ் எண் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். அதற்குரிய பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். “தோஸ்த்துக்கு ஒரு ஷாக் குடுங்க” என்று கேட்காதீர்கள். முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறு. ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே மாடலுக்கு மாடல் மாறும்.

2. ஒன்று, வண்டிக் கம்பெனியின் பாகம். இல்லையென்றால் பெயர் பெற்ற ஷாக் கம்பெனியின் பாகம். 1961-ல் தொடங்கிய காப்ரியேல் போல நம் நாட்டிலேயே செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்யவில்லை. பெட்டியில் தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதமும் வருடமும், எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் தொடர்பு எண் இருக்கிறதா பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டியும் இல்லை, வழக்கும் இல்லை. அடுத்தவர் பெயரைப் போலியாக ஒட்டி விற்பது 1999-ஆம் வருட வணிகக் குறிச் சட்டத்தில் குறைந்தது 6 மாதம் ஜெயில் போகக்கூடிய குற்றம். கடை வைத்திருக்கும் என் மாணவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

3. குழாயைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் பொட்டு, புதுப் பெயின்டுக்கு அடியில் பழைய துரு, பளபளக்க வேண்டிய தண்டில் கீறல். ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். இடது பக்கம் புதுசு, வலது பக்கம் பழசு என்றால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று பிரேக் அடிக்கும்போதுதான் தெரியும்.

5. “கேஸ் ஷாக் போட்டால் லோடு தாங்கும்” என்பது பொய். நைட்ரஜன் நிரப்புவது ஆயில் நுரைக்காமல் இருப்பதற்காக. டீ ஆற்றினால் நுரை வருகிறதே, அதுபோல ஷாக்குக்குள் ஆயில் அடிபட்டு நுரைத்தால் எதிர்ப்புக் குறைந்துவிடும். நாள் முழுக்க மேடு பள்ளத்தில் ஓடும் வண்டிக்கு கேஸ் ஷாக் நல்லதுதான். ஆனால் அது பட்டையின் வேலையைச் செய்யாது.

6. “கல்லு மாதிரி இருக்கு, சூப்பர் ஷாக்” என்பதும் தப்பு. அளவுக்கு மீறி இறுக்கமான ஷாக்கும் சக்கரத்தைத் தரையோடு ஓடவிடாது. அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டையும் உடைக்கும். இந்த வண்டிக்கு என்ன அளவோ அதுதான் நல்லது.

7. மாட்டும்போது புஷ் எல்லாம் புதிதாகப் போடுங்கள். கடையில் படுத்துக் கிடந்த ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கியபின் மாட்டச் சொல்லுங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். கடைசி முறுக்கு, சக்கரங்கள் தரையில் நிற்கும்போது. ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் புஷ் சீக்கிரம் கிழியும்.

8. காரின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பார்களே, அந்தச் சோதனை லோடு வண்டிக்குப் பெரிதாக உதவாது. பட்டை விறைப்பில் கையால் அமுக்கினால் அசையவே அசையாது. “ஆடவில்லை, ஷாக் நன்றாக இருக்கிறது” என்று ஏமாறாதீர்கள். ஆயில் வழிகிறதா, டயரில் குழிகுழியாகத் தேய்மானம் இருக்கிறதா, டிரைவர் என்ன சொல்கிறார். இந்த மூன்றைப் பாருங்கள். லேசான ஈரப்பூச்சு போல இருந்தால் பயம் இல்லை. நனைந்து வழிந்து தூசி அப்பியிருந்தால் மாற்றுங்கள்.

அந்த மூன்றில் கடைசியை நாம் கேட்பதே இல்லை. ஷாக் அப்சர்பர் ஒரே நாளில் சாகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தினம் ஓட்டுபவரின் கையும் காலும் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். அப்படிப் பழகிய பிறகும் ஒருவன் வந்து “துள்ளுது” என்று சொல்கிறான் என்றால், அது நிறையவே துள்ளுகிறது என்று அர்த்தம். எஃப்.சி. காட்டுவதற்கு முந்தின நாள் மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுகிற ஊரில், தினம் அதில் உட்கார்ந்து போகிறவனின் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

இனி என் மருமகனுக்கு. டேய், அத்தை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ கெட்டவன் இல்லை. ஆனால் வண்டி உன்னுடையது, ஷாக் நீ வாங்கியது, பட்டை நீ சேர்த்தது, 85 கேன் நீ ஏற்றச் சொன்னது. அவன் செய்தது ஒன்றே ஒன்று, ஒரு குழந்தையை இடிக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பியது. அவன் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதே. கட்டுப் பிரிக்கும்வரை சம்பளம் கொடு, ஆஸ்பத்திரிச் செலவைக் கொடு. வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி ஈடு கொடுக்கவேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923-ல், சட்டம் வந்துவிட்டது. நம் வீட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லையா? கூடுதல் பட்டையைக் கழற்று. 60 கேனோடு நிறுத்து. ஒரு நடை கூடுதலாக அடிக்கவேண்டி வந்தால் டீசல் காசை முதல் மாதம் நான் தருகிறேன். புது ஷாக் நான்குக்கும் பாதிப் பணம் என்னுடையது. தானம் என்று நினைக்காதே. அன்றைக்கு அந்தக் கடையில் “இதையே எடுடா” என்று சொன்னதற்கு நான் கட்டும் அபராதம்.

குழுவில் கைதட்டிய 11 பேருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பையனும் இந்தப் பதிவைப் படிப்பான். அங்கே போட்ட தீர்ப்பை அங்கேயே அழித்துவிடுங்கள்.

மாணவர்களுக்கு வீட்டுப்பாடம். குட்டி யானை, தோஸ்த், பிக்கப் எது வைத்திருந்தாலும் சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். நான்கு ஷாக்குகளையும் பாருங்கள், நான்கு டயர்களையும் கையால் தடவுங்கள். உங்கள் டிரைவரிடம் “காலியா வரும்போது எப்படிப் போகுது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். எழுதாதவர்கள் பெயரும் எனக்குத் தெரியும்.

தகவலில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். மெக்கானிக் பிள்ளைகள் விட்டுப்போனதைச் சேர்க்கலாம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பீர்க்கன்கரணை.